மாத்திரை எண்ணும் தட்டு

மோத்துலேக்கா தீவு, ஹாப்பாய்
3 மார்ச் 2003

மருந்தாளுநர் அவையின் மாண்புமிகு பதிவாளர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் படிவம் சனிக்கிழமைப் படகில் வந்து சேர்ந்தது. மேலே அச்சடித்த சின்னம், கீழே நீல மையில் 'கலிசி' என்று கையெழுத்து. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். அது எழுதிப் பழகிய சிலேட்டை உடைத்தவன் நான்தான்.

பதவி மரியாதை இத்தோடு முடிந்தது. இனி உன் அண்ணன் எழுதுகிறேன்.

ஏம்மா, பத்தொன்பது வருஷமாக இந்தத் தீவில் மருந்து கொடுக்கிறவன் நான். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இழுப்பு, யார் மாத்திரையை விழுங்காமல் கோழிக்குப் போடுகிறார் என்பதுவரை அத்துப்படி. இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது, ஜூன் முப்பதுக்குள் பதிவேட்டில் பெயர் ஏறாவிட்டால் மருந்து ஜன்னலைச் சாத்திவிட வேண்டும் என்று என் தங்கையே எனக்கு 'அன்புடையீர்' போட்டு எழுதுகிறாள். சாத்தினால் இவர்கள் எங்கே போவார்கள்? அடுத்த மருந்தகத்துக்குப் படகில் மூன்றரை மணி நேரம், அதுவும் கடல் மனசு வைத்தால்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடு. இந்தக் காகிதத்தில் பேசுவது தங்கையா, பதிவாளரா? தங்கை என்றால் எனக்குப் பேச்சே இல்லை. நீ ஏழு வயது இளையவள்தான், ஆனாலும் நம் ஊரில் தங்கை சொல்லுக்கு மேல் அண்ணனுக்குச் சொல் ஏது? கடலில் குதி என்றால் மரியாதைக்கு இடுப்பில் கட்டும் பாயை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுக் குதிப்பேன். பதிவாளர் என்றால் சண்டை போடுவேன்.

படிவத்தை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். நாலாவது கேள்வி, 'மாத்திரை எண்ணும் தட்டு உள்ளதா?' 'இருந்தது' என்று எழுதியிருக்கிறேன். எங்கே போயிற்று என்று உனக்கே தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன் மகள் வீக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சகோதரியின் பிள்ளைக்கு மாமன் வீட்டில் எதையும் எடுக்க உரிமை உண்டு, நான் வாய் திறக்க முடியுமா? பன்றிக்குட்டியை எடுத்திருக்கலாம், என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்திருக்கலாம். அந்தக் குட்டிக்கு என் பித்தளைத் தட்டுதானா கண்ணில் பட வேண்டும்? அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டைக் கழுவித் துடைத்து அதில் எண்ணுகிறேன். மாத்திரை உருண்டு ஓடுகிறது.

பதினோராவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன்.

உன் அண்ணன்,
இனோக்கே


நுக்குஅலோஃபா
17 மார்ச் 2003

அண்ணா,

பேசுவது பதிவாளர்தான். ஆகவே தாராளமாகச் சண்டை போடு.

நானும் தாராளமாகவே போடுகிறேன். பதினோராவது கேள்வியை நீ சரியாகப் படித்தாயா? 'மருந்து கொடுத்ததில் உங்களால் நேர்ந்த ஒரு தவறையும், அதன்பின் நீங்கள் செய்ததையும் உங்கள் கையாலேயே எழுதுக.' பத்தொன்பது வருஷத்துக்கு உன் பதில் ஒரே ஒரு சொல். அதை அவையின் கூட்டத்தில் வாசித்தபோது, நம் உறுப்பினர் தோமாசி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நாற்பது வருஷம் மருந்து கொடுத்தவர் அவர்.

“தப்பே பண்ணாதவரா? அப்படின்னா அந்த மனுஷன் ஜன்னலையே திறக்கலைன்னு அர்த்தம். திருப்பி அனுப்புங்க” என்றார்.

அதனால் திருப்பி அனுப்புகிறேன்.

இதுவரை இருபத்துமூன்று படிவங்கள் வந்திருக்கின்றன. பதினோராவது கேள்வியை மட்டும் ஒரு நாள் மதியம் உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். அண்ணா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒருவர் கண்ணில் விடும் மருந்துக்குப் பதில் காதில் விடும் மருந்தைக் கொடுத்துவிட்டு, தெரிந்த நிமிஷமே சேணமில்லாத குதிரையில் ஏழு மைல் ஓடியிருக்கிறார். அந்த ஆளை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும், எப்போது பார்த்தாலும் கவா வேர்ச்சாறு குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்குள் இப்படியொரு ஓட்டம் இருந்திருக்கிறது. சர்ச்சில்கூட நான் இவ்வளவு உண்மையை ஒரே இடத்தில் கேட்டதில்லை.

என்னுடையதையும் எழுதிவைத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தையின் மருந்துக்குச் சின்னக் கரண்டி என்பதற்குப் பெரிய கரண்டி என்று எழுதிவிட்டேன். குழந்தை ஒன்றரை நாள் தூங்கியது. அந்த ஒன்றரை நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மூச்சை எண்ணினேன். கண் விழித்ததும் அது என்னைப் பார்த்துத்தான் முதலில் அழுதது.

பதிவேடு வந்துவிட்டது. தடியான புத்தகம், முதல் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இந்த நாட்டில் யார் கையை நம்பி மருந்து வாங்கலாம் என்று இதற்குமுன் ஒரே புத்தகத்தில் யாரும் எழுதிவைத்ததில்லை. அதைத் திறக்கும்போதெல்லாம் என்னை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். அதில் உன் பெயர் இல்லாமல் போனால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா?

வீக்கா தட்டைத் தரமாட்டாளாம். கிளிஞ்சல்களை அதில் ஐந்தைந்தாக எண்ணிப் பொம்மைகளுக்கு மருந்து கொடுக்கிறாள். உரிமை அவளுடையது, நான் வெறும் அம்மா.

கலிசி


மோத்துலேக்கா
2 ஏப்ரல் 2003

கலிசி,

தோமாசிக்கு என் வணக்கத்தைச் சொல். நான் ஜன்னலைத் திறக்கிறேனா இல்லையா என்று அவர் இங்கே வந்து பார்க்கட்டும்.

போன வாரம் இன்சுலின் வந்தது. மீன் படகில், ஐஸ் பெட்டிக்குள். படகு பவளத்திட்டைத் தாண்டும்போதே கரையில் அறுபது பேர். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஒன்பது பேர்தான், மற்றவர்கள் சும்மா பார்க்க வந்தவர்கள். பெட்டியைத் திறந்தேன். பெருவிரல் நீளத்தில் பதினெட்டுக் குப்பிகள். உள்ளே பார்த்தால் வெறும் தண்ணீர்தான். மோய்மோய் கிழவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏன்டா இனோக்கே, இத்தூண்டு தண்ணிக்காடா நான் இன்னும் சாகாம இருக்கேன்?”

“ஆமா தாத்தா. அதுலயும் பாதியை நீங்க தின்ன தர்ப்பூசணி முழுங்கிடுது.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு போதகர் தொப்பியைக் கழற்றினார். பத்தொன்பது வருஷமாகியும் ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன், கலிசி. முன்பின் பார்த்திராத யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து கண்டுபிடித்தது, இந்தத் தீவில் ஒரு கிழவரைத் தினமும் காலையில் எழுப்பிவிடுகிறது. அது என் கை வழியாகப் போகிறது. இதைவிடப் பெரிய உத்தியோகம் உலகத்தில் இருக்கிறதா என்ன?

அப்படிப்பட்ட வேலையை நான் விளையாட்டாகச் செய்கிறேன் என்றா நினைக்கிறாய்? ஒவ்வொரு பொட்டலத்திலும் சூரியனும் நிலாவும் வரைகிறேன், எத்தனை சூரியனோ பகலில் அத்தனை மாத்திரை. பெண்களின் பொட்டலத்தில் இன்னொரு காகிதமும் மடித்து வைக்கிறேன். அதைப்பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை.

இன்னொன்று. உங்கள் சட்டப்படி பதிவாளர் நேரில் வந்து, நான் மருந்து கொடுப்பதை அதே அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். வயசுக்கு வந்த நாளிலிருந்து நீயும் நானும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோமா? அப்பா செத்த வீட்டில்கூட நான் வாசலில் நின்றேன், நீ உள்ளே இருந்தாய். எந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதினீர்கள் இதை?

பதினொன்றை விட்டுவிடு. வேறு யார் கேட்டாலும் எழுதியிருப்பேன். அதைக் கேட்பவள் நீயாக இருந்திருக்கக் கூடாது.

இனோக்கே


நுக்குஅலோஃபா
21 ஏப்ரல் 2003

அண்ணா,

உன் கடைசி மூன்று வரிகளை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

அப்படியென்றால் ஏதோ இருக்கிறது. அண்ணன் தங்கையிடம் வாயால் சொல்லக் கூடாத ஏதோ ஒன்று. அதனால்தான் 'இல்லை' என்று எழுதினாய். ஒரு பொய்யால் எனக்கு மரியாதை செய்திருக்கிறாய்.

உறையில் ஒட்டித் தோமாசிக்கு அனுப்பலாமா என்று விசாரித்தேன். முடியாது. எல்லா விடைகளும் பதிவாளரின் கையில்தான் வந்து சேர வேண்டும், பதிவாளர் படித்துத்தான் அவைக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த வரியை எழுதியவளும் நானே. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

இன்னும் பத்து வாரம் இருக்கிறது. உன் ஜன்னல் சாத்தப்பட்டால் மோய்மோய் தாத்தாவுக்கு யார் குப்பி கொடுப்பார்கள்?

முதல் கடிதத்தில் ஒன்று கேட்டாய், பேசுவது தங்கையா பதிவாளரா என்று. இப்போது பேசுவது தங்கை. உனக்கு மேலே வைக்கப்பட்டவள், உன்னிடம் எதையும் கேட்க உரிமை உள்ளவள். இந்த உரிமையை என் வாழ்நாளில் நான் ஒரு தடவைகூட எடுத்ததில்லை, உன் கோழியைக்கூடக் கேட்டதில்லை. இப்போது எடுக்கிறேன்.

எழுது.

கலிசி


மோத்துலேக்கா
6 மே 2003

கலிசி,

கேள்வி பதினொன்றுக்கு விடை.

நம் சித்தப்பா மகள் ஃபூசி. நீ எனக்கு எப்படியோ அவளும் அப்படித்தான், தங்கை. 1993 ஏப்ரலில் தலைநகர் டாக்டர் அவளுக்கு ரத்தக் கொதிப்புக்கு வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவர் எழுதியபோது எழுதியது சரிதான். மாதம் முப்பது, என் ஜன்னலில் வாங்கிக்கொள்வாள். வயிற்றில் பிள்ளை இருந்தால் அந்த மாத்திரை கூடாது. என் புத்தகத்தில் இருந்தது. நான் படித்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நவம்பரில் ஜன்னலுக்கு வந்தபோது இடுப்புப் பாயை வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே கட்டியிருந்தாள். என் கண்ணில் பட்டது. பட்டதும் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். நல்ல அண்ணன் அதைத்தான் செய்வான்.

கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. தங்கையிடம் எப்படிக் கேட்பேன்?

“நல்லா இருக்கியா?” என்றேன்.

“நல்லா இருக்கேண்ணா” என்றாள்.

பொட்டலத்தைக் கொடுத்தேன். டிசம்பரிலும் கொடுத்தேன். ஜனவரியிலும் கொடுத்தேன். என் மனைவி லோசலின் அப்போது வவாவு தீவில் அவள் அம்மாவோடு இருந்தாள், அவள் இருந்திருந்தால் கேட்கச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. இந்தத் தீவில் பெண்களே இல்லையா?

பிப்ரவரியில் பிள்ளை எட்டாம் மாதமே பிறந்தது. மூச்சு விடவில்லை. கடவுளின் சித்தம் என்றார் போதகர். நான் தலையாட்டினேன். மாத்திரைதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் முடியாது. சின்னக் குழிக்கு மேலே வெள்ளை மணல் பரப்பினார்கள், ஒரு கூடை நானும் சுமந்தேன்.

அதன்பின் செய்தது. மறுவாரமே ஒரு காகிதம் எழுதினேன். வாயால் கேட்க முடியாததைக் காகிதம் கேட்கட்டும் என்று. 'வயிற்றில் பிள்ளை இருந்தாலும், இருக்குமோ என்று தோன்றினாலும் இதை விழுங்க வேண்டாம். பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போ. நான் எதுவும் கேட்க மாட்டேன். வேறு மருந்து வைத்திருப்பேன்.' அன்றிலிருந்து பிள்ளை பெறும் வயதுள்ள எல்லாப் பெண்களின் பொட்டலத்திலும் அது இருக்கிறது. ஒன்பது வருஷத்தில் பதினான்கு பொட்டலங்கள் ஜன்னலுக்குத் திரும்பி வந்திருக்கின்றன. காலையில் ஜன்னலைத் திறந்து அப்படி ஒன்றைப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் நிற்பேன். உள்ளே ஓர் உயிர் 'நான் வந்திருக்கிறேன்' என்று எனக்கு மட்டும் சொல்லி அனுப்பியதாகத் தோன்றும்.

ஃபூசியிடம் இதைச் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இதை உனக்கு எழுதும் என் கை கூசுகிறது. நீ கேட்டாய், எழுதிவிட்டேன்.

இனோக்கே


நுக்குஅலோஃபா
29 மே 2003

அண்ணா,

உன் விடையை நேற்று அவை கேட்டது. எப்படிக் கேட்டது என்று சொல்கிறேன், சிரிப்பாயா அழுவாயா தெரியாது.

நான் உன் தங்கை, முடிவில் எனக்குப் பங்கு கூடாது. படித்துவிட்டுக் கொடுத்துவிட்டேன், வராந்தாவில் உட்கார்ந்தேன். உள்ளே நான்கு பேர். தோமாசி கடிதத்தைப் பிரித்து இரண்டு வரி வாசித்தார். நிறுத்திவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த தலைமை நர்ஸ் செய்னி அவருக்குப் பெரியப்பா மகள். தங்கைக்கு எதிரில் கர்ப்பம் பற்றி எப்படி வாசிப்பார்? செய்னி ஏற்கெனவே எழுந்து கதவுவரை வந்துவிட்டார், இன்னொரு அம்மாவும் பின்னாலேயே. ஆண்கள் இரண்டு பேரும் உள்ளே படித்தார்கள். பிறகு அவர்கள் வராந்தாவுக்கு வர, பெண்கள் இரண்டு பேரும் உள்ளே போய்ப் படித்தார்கள். சட்டம் போட்ட அவை, ஒரு கடிதத்தை ஒன்றாக உட்கார்ந்து படிக்க முடியவில்லை!

தோமாசி வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஆறாவது விதியில என்னம்மா எழுதியிருக்கோம்?” என்றார்.

“மருந்து கொடுக்கிறவர் நோயாளியிடம் நேரில் வாயால் கேட்க வேண்டும்.”

“யாருகிட்டேயிருந்து எடுத்தோம் அதை?”

“வெளிநாட்டுச் சட்டத்திலிருந்து.”

“இந்த நாலு சுவத்துக்குள்ளேயே நம்மால நிறைவேத்த முடியலையே. அந்த மனுஷன் தனியாளா ஒரு ஜன்னல்ல நின்னு என்ன பண்ணுவான்?”

உள்ளேயிருந்து செய்னியின் குரல் கேட்டது. “கேட்டிருக்கணும். அதுல மாத்தமே இல்ல. தெரிஞ்சவன் கேக்கலைன்னா அது தப்புதான். ஆனா ஒன்பது வருஷமா ஒரு காகிதம் கேட்டுக்கிட்டு இருக்கே, அது ஏன் நம்ம யாருக்கும் தோணலை?”

அண்ணா, அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோருமாகச் சேர்த்து நூறு வருஷம் மருந்துக்கு நடுவில் வாழ்ந்தவர்கள். உன் நான்கு வரிக் காகிதத்தைச் செய்னி ஒரு தாளில் பார்த்து எழுதினார். ஆறாவது விதி அடித்து இப்படி மாற்றப்பட்டது. வாயால் கேட்க முடியாத உறவில், வேறொருவரைக் கொண்டு கேட்க வேண்டும், அல்லது எழுதிக் கேட்க வேண்டும், கேட்காமல் மட்டும் கொடுக்கக் கூடாது. இனி நாட்டின் எல்லா மருந்தகங்களிலும் உன் காகிதம் பொட்டலத்தில் இருக்கும், உன் சொற்களிலேயே.

இப்போது கசப்பானது. தவறு உன் பெயருக்கு எதிரே எழுதப்படும், அழிக்கப்படாது. அதோடு ஒரு நிபந்தனை. ஃபூசிக்குத் தெரிய வேண்டும், உன் மூலமாகவே தெரிய வேண்டும். அதன்பிறகே உன் பெயர் ஏறும். எப்படிச் சொல்வது என்று அவை சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. முப்பதாம் தேதிக்கு இன்னும் நான்கு வாரம்.

சாப்பிடு. நீ சாப்பிடுவதில்லை என்று அண்ணி எழுதியிருக்கிறார்.

கலிசி


மோத்துலேக்கா
16 ஜூன் 2003

கலிசி,

சொல்லிவிட்டேன்.

ஃபூசி இன்னமும் மாதாமாதம் வருகிறாள், இப்போது வேறு மாத்திரை. அவளுக்கும் ஒரு காகிதம் எழுதினேன். எத்தனை தாளைக் கிழித்தேன் என்று லோசலினைக் கேள், அடுப்புக்கு அதுவே போதும் என்று திட்டினாள். உனக்கு எழுதியதையே கடைசியில் எழுதினேன், சாக்கை விட்டுவிட்டு. மடித்துப் பொட்டலத்தில் வைத்தேன். வியாழக்கிழமை வாங்கிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை. சனிக்கிழமை ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது, எனக்கு ஒரு வரிகூடப் பாட வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் வந்தாள். ஜன்னலுக்கு வரவில்லை, முற்றத்தில் எனக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லோசலின் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுத்தான் பேசினாள். நான் ஜன்னலுக்குள் நிற்பது அவளுக்குத் தெரியும்.

“அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அன்னிக்கு அவரு கண்ணைத் திருப்பிக்கிட்டதை நான் பார்த்தேன். எனக்கும் சொல்லணும்னு வாய்வரைக்கும் வந்துச்சு. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானும் மூடிக்கிட்டேன். மாத்திரையா இருக்குமோன்னு எனக்கே தோணியிருக்கு.”

லோசலின் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன், அண்ணி. அது எனக்கு வருமான்னு தெரியல. ஆனா மருந்துக்கு நான் இங்கதான் வருவேன். அதைச் சொல்லுங்க.”

“சொல்றேன் ஃபூசி” என்றாள் லோசலின். அழுதுகொண்டிருந்தாள்.

“இன்னொன்னு. அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு பேரு வெச்சிருந்தேன். அமனாக்கி. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. ஏதோ பெரிய புத்தகத்துல இதையெல்லாம் எழுதறாங்களாமே. 'ஒரு குழந்தை'ன்னு எழுத வேணாம்னு சொல்லுங்க. அந்தப் பேரை எழுதச் சொல்லுங்க.”

போய்விட்டாள். கலிசி, நான் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வருஷம் அந்தப் பெண் என் கையிலிருந்தே மருந்து வாங்கி விழுங்கியிருக்கிறாள், சந்தேகத்தை மனசில் வைத்துக்கொண்டே. யார் கையை நம்பி மருந்து வாங்கலாம் என்று புத்தகத்தில் ஏற்றுவதைப் பற்றி எழுதியிருந்தாயே, இவர்கள் நம்மை நம்புவதற்கு முன்னால் அதெல்லாம் எந்த மூலைக்கு?

பெயரை எழுதச் சொல். என் பெயர் ஏறாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பெயர் ஏறட்டும்.

இனோக்கே


நுக்குஅலோஃபா
24 ஜூன் 2003

அண்ணா,

பதிவு எண் பதினேழு. இனோக்கே, மோத்துலேக்கா. நானேதான் எழுதினேன். எதிரே குறிப்பு என்ற இடத்தில் அமனாக்கி. அந்தப் பெயரை எழுதும்போது தோமாசியும் செய்னியும் ஒரே அறையில், ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள். யாரும் வெளியே போகவில்லை.

சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. ஜன்னலுக்கு மேலே மாட்டு.

உறைக்குள் இன்னொரு காகிதமும் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கும், பார்த்துப் பிரி. கையெழுத்து உன்னுடையது.

1994 மே மாதம் அப்பாவின் கல்லறைக்கு மணல் போட வந்தேன், நினைவிருக்கிறதா? அப்போது நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துவிட்டது என்று அண்ணியை உன்னிடம் அனுப்பினேன். நம் குடும்பத்துக் கொதிப்பு எனக்கும் உண்டே, ஃபூசிக்கு எழுதிய அதே வெள்ளை மாத்திரை. பொட்டலத்தைப் பிரித்தேன், இந்தக் காகிதம் விழுந்தது. அப்போது எனக்கு இரண்டு மாதம். என் கணவரிடம்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. உள்ளங்கையில் மாத்திரை, மடியில் காகிதம். கிணற்றடியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. பொட்டலத்தை ஜன்னலில் திருப்பி வைத்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்று கூச்சம், அதனால் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் படகிலேயே கிளம்பிவிட்டேன். இங்கே டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றினார். இதை யார் எழுதியது என்று கேட்டார். என் அண்ணன் என்றேன்.

பதினான்கு இல்லை அண்ணா. பதினைந்து.

மாத்திரை அளவு ஒரு பொருளுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு கடல் தாண்டிச் சுவாவுக்கு மருந்தாளுநர் படிப்புக்குப் போனேன். எல்லோரும் எனக்குப் பைத்தியம் என்றார்கள். அந்தக் காகிதம் உன் புத்திசாலித்தனம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது எங்கிருந்து வந்தது என்று மே மாதம்தான் தெரிந்தது. நான் அதைப் பிரித்ததற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு பிள்ளை போய், அது போனதால் நீ எழுதி, நீ எழுதியதால் என் வீக்கா வந்து. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஃபூசி என் எதிரில் வந்தால் என்ன செய்வேன்? நன்றி சொல்ல முடியுமா? வாய் வருமா? உன்னிடம் நன்றி சொல்லவே ஒன்பது வருஷமாயிற்று.

அடுத்த மாதம் எனக்குப் பதிலாகத் தோமாசி உன் ஜன்னலைப் பார்வையிட வருகிறார், நாலாவது கேள்வியைச் சரிபார்ப்பார். வீக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி தட்டை வாங்கிவிட்டேன். “மாமா வந்து கேட்டாத்தான் தருவேன்னு சொல்லியிருந்தேன்ல?” என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள். துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், சனிக்கிழமைப் படகில் அனுப்புகிறேன்.

கலிசி


மோத்துலேக்கா
27 ஜூன் 2003

கலிசி,

உன் கடிதம் வந்த மீன் படகிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன், சனிக்கிழமைப் படகு கிளம்புமுன் உன் கைக்கு வர வேண்டும் என்று.

தட்டை அனுப்பாதே. லோசலின் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, ஓரத்தை மடக்கி ஒன்று செய்து கொடுத்துவிட்டாள். மாத்திரை உருளவில்லை, தோமாசி வந்து பார்க்கட்டும்.

பித்தளைத் தட்டு வீக்காவிடமே இருக்கட்டும். துணியைப் பிரித்து அவள் கையில் கொடுத்துவிடு. இந்த வீட்டில் அவளுக்கு வேறு என்னென்ன வேண்டுமோ, எல்லாவற்றையும் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்.

இனோக்கே